தள்ளாடும் அம்புகள்

ஹெக்டர் விட்ட அம்பு வாழைத்தண்டை நோக்கித்தான் புறப்பட்டது. பாதி வழியில் அதற்கு வேறு யோசனை வந்துவிட்டது. வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியது, கூரைமேல் காய்ந்துகொண்டிருந்த மரவள்ளி ரொட்டியில் போய்க் குத்தி நின்றது.

"அருமையான குறி," என்றான் அம்ப்ரோஸ். "ரொட்டி துடிக்கக்கூட இல்ல. உடனே உயிர் போயிடுச்சு."

"ஹெக்டர்!" வீட்டுக்குள்ளிருந்து மனைவி மார்லீனின் குரல் வந்தது. "அது நாளைக்கு விருந்துக்குச் சுட்டது!"

ஹெக்டர் வில்லைத் தாழ்த்தினார். கொக்கரிட் கிராமத்தில் அவரைவிடக் கூர்மையான வேட்டைக்காரர் ஒருவர்தான் உண்டு. அவர் மார்லீனின் அண்ணன் கேஸ்பர். அந்தப் பெயரைத்தான் ஹெக்டர் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பார்த்தியாம்மா செல்மா? ஆறு புது அம்பு. ஆறும் இப்படித்தான் ஆடுது. கேஸ்பர் பண்ண வேலை. என் பினாச் செடியைக் கெடுத்துட்டான்."

செல்மா அந்த ஊரின் காவல் கான்ஸ்டபிள். அரசு கொடுத்த நீலச் சட்டையும், தானே வாங்கிய ரப்பர் செருப்பும் அணிந்திருந்தாள். அவளுடைய சித்தி மகன் அம்ப்ரோஸ்தான் உதவியாளன். மோட்டார் சைக்கிள் அவனுடையது என்பதால் அந்தப் பதவி அவனுக்கு வந்தது. வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் அதிகாரம் மட்டும் செல்மாவிடம் இருந்தது. அது பெரும்பாலும் பலிப்பதில்லை.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஹெக்டரின் பினாச் செடிகள் வரிசையாக நின்றன. மானுக்கு ஒரு செடி, காட்டுப்பன்றிக்கு ஒன்று, பவிஸ் பறவைக்கு ஒன்று. வேட்டைக்குப் போகுமுன் கிழங்கை அரைத்துக் கையில் கீறிய இடத்தில் தேய்த்துக்கொண்டால் குறி தப்பாது. செடி கெட்டால் கை கெடும். பவிஸுக்கான செடியில் பாதி இலையைக் காணோம்.

செல்மா குனிந்து பார்த்தாள். இலை விளிம்பெல்லாம் அரை வட்டம் அரை வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. செடியின் அடியிலிருந்து பச்சைத் துணுக்குகளைத் தலையில் சுமந்தபடி எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

"குற்றவாளிங்க கூட்டமா இருக்காங்க அக்கா," என்றான் அம்ப்ரோஸ். "எல்லாரையும் உக்கார வைக்க நம்ம பைக்ல இடமில்ல."

"எறும்பை அனுப்பினதே அவன்தான்," என்றார் ஹெக்டர்.

"எறும்பு அவர் பேச்சைக் கேக்குமா?" என்றாள் செல்மா.

"என் நாயே கேக்குதே!"

இதுதான் சண்டையின் வேர். மழைக்காலத்தில் கேஸ்பர் ஜெனரல் என்ற நாயை இரவல் வாங்கிப் போனார். நல்லபடியாகத் திருப்பியும் கொடுத்தார். ஜெனரல்தான் திரும்பி வர மறுத்தது. கயிறு கட்டி இழுத்து வந்தாலும் கயிற்றைக் கடித்துவிட்டு ஓடையைத் தாண்டிக் கேஸ்பர் வீட்டுக்கு ஓடியது. அன்றிலிருந்து மச்சான்கள் இருவரும் பேசுவதில்லை. சிறு வயதிலிருந்து ஒன்றாகவே காட்டுக்குப் போனவர்கள், இப்போது ஆளுக்கொரு பாதையில் தனியாகப் போகிறார்கள்.

நாளை மரபுத் திருநாள். பக்கத்து ஊர்களிலிருந்து எல்லாரும் வருவார்கள். வில் போட்டியில் கொக்கரிட் சார்பாக நிற்கப்போகிற ஜோடி, பேசிக்கொள்ளாத இந்த ஜோடிதான்.

"சாயங்காலம் ஊர்க்கூட்டம் இருக்கு," என்றார் ஹெக்டர். "தோஷாவ் முன்னாடி எழுந்து சொல்லப்போறேன். கேஸ்பர் எனக்குச் செய்வினை வெச்சான்னு."

மார்லீன் வாசலுக்கு வந்தாள். கையில் அம்பு குத்திய ரொட்டி.

"சொல்லுங்க. ஊர்த்தலைவர் முன்னாடி எங்க அண்ணன் பேரை எடுங்க. எடுத்த வாய் மூடுறதுக்குள்ள நான் ஓடையைத் தாண்டிருவேன். நாய்க்கு மட்டும்தான் அந்த வழி தெரியும்னு நினைக்காதீங்க."

செய்வினை என்று கூட்டத்தில் ஒருவர் பேரைச் சொல்லிவிட்டால் அந்தச் சொல் திரும்ப வாய்க்குள் போகாது. இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே ஓடையில் குளிக்கக்கூட முடியாமல் போகும். இது எல்லாருக்கும் தெரியும். ஹெக்டருக்கும் தெரியும். அதனால்தான் கூட்டத்துக்கு முன்னால் செல்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அண்ணா, உங்க பழைய அம்பு ஏதாவது இருக்கா?"

ஒன்று இருந்தது. கூரைத் தாங்கியில் செருகியிருந்தது. ஹெக்டர் அதை எடுத்து வில்லில் பூட்டி விட்டார். அது ஆட்டமின்றிப் போய் வாழைத்தண்டின் நடுவில் இறங்கியது.

"பினா எங்க இருக்கு? கையில. அதே கை, அதே வில்லு. பழசு நேராப் போகுது. அப்போ பினா மேல குத்தமில்ல."

ஹெக்டர் யோசித்தார். "அப்போ அம்புக்குச் செய்வினை."

"சரி. அம்பையே விசாரிப்போம்."

அம்பில் தப்பு வரக்கூடிய இடங்கள் அதிகமில்லை. தண்டு வளைந்திருக்கலாம். முனை கோணியிருக்கலாம். பின்னால் கட்டிய இறகு கழன்றிருக்கலாம். மற்றதெல்லாம் எய்கிறவன் தலையெழுத்து. செல்மா அடுப்பிலிருந்து இறக்கியிருந்த ரொட்டி சுடும் இரும்புத் தட்டைக் கேட்டு வாங்கினாள். ஊரில் அதைவிடச் சமமான பரப்பு கிடையாது. அம்புகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து உருட்டினாள். வளைந்த நாணல் தண்டு உருளும்போது தத்தித் தத்தி ஓசை எழுப்பும். இவை எல்லாம் ஒரே சீராக உருண்டன. முனைகளும் சுற்றும்போது தள்ளாடவில்லை.

அடுத்தது கட்டு. பின்பக்கத்தில் இரண்டு கருப்பு இறகுகள், தண்டின் மேலும் கீழுமாக எதிரெதிரே படுத்திருந்தன. பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே கரமானி மெழுகு பூசியிருந்தது. அந்தக் கருப்பு மெழுகு காய்ந்தால் கல். யாராவது உருக்கிப் பிரித்து மறுபடி பூசியிருந்தால் பழைய மெழுகின் விளிம்பு அடியில் படியாகத் தெரியும். படி எதுவும் இல்லை. செல்மா நூலின் நுனிகளைப் பார்த்தாள். பிறகு ஹெக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க."

"இப்ப எனக்குச் சிரிப்பு வர்ற நேரமா?"

"பல்லைக் காட்டுங்க போதும்."

காட்டினார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

"நூலைக் கத்தியால அறுக்காம கடிச்சு அறுக்குறீங்க. அந்தச் சந்துல மாட்டுறதால நுனி சுத்தமா அறுபடாம நார் நாரா நிக்குது. ஆறு அம்புலயும் அப்படியே இருக்கு. அப்போ இதைக் கட்டினது நீங்க மட்டும்தான். வேற யாரும் கை வைக்கல."

"கேஸ்பருக்கு எல்லாப் பல்லும் இருக்கு அக்கா," என்றான் அம்ப்ரோஸ். "அவரோட வாய் சாட்சி சொல்லிடுச்சு, அவர் வாயைத் திறக்காமலே."

ஹெக்டர் சமாதானம் ஆகவில்லை. தொடாமலே செய்கிற வினையும் உண்டு என்றார். செல்மா புது அம்பு ஒன்றையும் பழைய அம்பையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இறகு எங்க கிடைச்சுது?"

"நானே அடிச்ச பவிஸ். கொழுத்த பறவை. தனியாப் போய் அடிச்சேன். எவன் துணையும் எனக்குத் தேவையில்ல."

"கூட்டத்துக்கு மணி அடிக்கிறதுக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"பல்லைக் காட்டச் சொன்னதும் நீதான்," என்றார் ஹெக்டர்.

மோட்டார் சைக்கிள் ஓடையை நோக்கிப் புல்வெளியில் குதித்துக் குதித்துப் போயிற்று. செல்மா பின்னால் உட்கார்ந்து இரண்டு அம்புகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் அம்ப்ரோஸ். "மீன் அம்புக்கு இறகே கட்டுறதில்ல. அது நேராப் போகலையா?"

"மீன் காலடியில நிக்குது. அம்பு கோணுறதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள போயிடும். பவிஸ் மரத்து மேல இருக்கு. அவ்வளவு தூரம் போகணும்னா வாலை யாராவது பிடிச்சுக்கணும். இறகு காத்துல உரசி வாலைப் பின்னாடியே இழுத்து வைக்குது. அதனால தலை முன்னாடியே இருக்குது."

"கல்யாணமான ஆளு மாதிரி."

"ரோட்டைப் பாரு."

இறகு வேலை செய்கிறது என்றால் அம்பு ஆடக் கூடாது. பழைய அம்பில் இருப்பதும் பவிஸ் இறகுதான், புதியதில் இருப்பதும் பவிஸ் இறகுதான். அதே நீளம், அதே அகலம், அதே கட்டு. ஏதோ ஒன்று மட்டும் வேறு. அது கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, ஆனால் பிடிபடவில்லை. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. செல்மா அம்புகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கேஸ்பர் வீட்டில் ஆள் இல்லை. வாசலில் ஜெனரல் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது, இவர்கள் தன்னைக் கூட்டிப்போக வந்தவர்களோ என்று சந்தேகப்பட்டது, எழுந்து வீட்டுக்குள் போய்விட்டது.

"குற்ற உணர்ச்சி," என்றான் அம்ப்ரோஸ்.

வீட்டுக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டம். அதற்கும் அப்பால், ஊர்க் கண் படாத மூலையில், நாண் விடுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. இருவரும் செடிகளுக்கு இடையே மெதுவாக நடந்தார்கள்.

கேஸ்பர் ஒரு கட்டைக்கு எதிரே நின்றிருந்தார். கட்டையில் ஓர் அம்புகூட இல்லை. கட்டையைச் சுற்றியிருந்த மரவள்ளிச் செடிகளில் நிறைய இருந்தன. அவர் அடுத்ததை எய்தார். அது வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு போய், ஒரு கிழங்கு மேட்டில் படுத்துக்கொண்டது.

"மச்சான்களுக்குள்ள எவ்வளவு ஒற்றுமை," என்று அம்ப்ரோஸ் முணுமுணுத்தான்.

கேஸ்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒளிந்துகொள்ள இடமில்லை. வில்லை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஆளைவிட உயரமான வில் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"என்ன ஆகணும்? உங்க ஹெக்டர் என் பினாவைக் கெடுத்துட்டான். சாயங்காலம் கூட்டத்துல எழுந்து சொல்லப்போறேன்."

அம்ப்ரோஸ் பக்கத்திலிருந்த மரவள்ளித் தண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்று அவன் எடுத்த முயற்சியில் தண்டு வேரோடு வந்துவிட்டது.

செல்மா சிரிக்கவில்லை. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே நோயில் விழுந்திருக்கிறார்கள். இதில் எதிரி இருக்க முடியாது. இருவருக்கும் பொதுவாக ஒன்று நடந்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் நடந்தது ஒன்றுதான். பிரிந்து போனார்கள்.

"அண்ணே, இந்த இறகு?"

"நான் அடிச்ச பவிஸ். தனியா அடிச்சேன். எவன் துணையும் எனக்கு..."

"தேவையில்ல, தெரியும். முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து போனப்போ, ஒரு பவிஸ் விழுந்தா எப்படிப் பங்கு போடுவீங்க?"

கேஸ்பர் விழித்தார். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"எப்படிப் போடுவோம்? நேரா நடுவுல பிளப்போம். சிறு பிள்ளையா இருந்தப்போ இருந்தே அப்படித்தான். அவனுக்கு ஒரு தொடை எனக்கு ஒரு தொடை. அவனுக்கு ஒரு சிறகு எனக்கு ஒரு சிறகு. சண்டையே வராது."

"யாருக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் எப்பவும் ஹெக்டருக்கு. ஈரல் துண்டு பெருசா வரும்னு அவனுக்கு ஒரு நினைப்பு. வலது எனக்கு."

"எப்பவும்?"

"எப்பவும்."

செல்மா மூச்சை மெல்ல வெளியே விட்டாள். "உங்க பழைய அம்பு ஒண்ணு எடுங்க."

அவள் தரையில் உட்கார்ந்து மூன்று அம்புகளை வரிசையாக வைத்தாள். ஹெக்டரின் பழையது, கேஸ்பரின் பழையது, ஹெக்டரின் புதியது. பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, வால் தன் மூக்கை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இறகைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதற்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பளபளப்பு பறவையின் முதுகுப் பக்கம் இருக்கும், மங்கல் வயிற்றுப் பக்கம் இருக்கும். அது தட்டையாகவும் இருப்பதில்லை. உள்ளங்கையைச் சற்றே குவித்தது போல ஒரு வளைவு இருக்கும். இடது சிறகின் வளைவை அப்படியே கண்ணாடியில் பார்த்தால் வலது சிறகு. நம் இரண்டு கைகள் மாதிரி. இடது காலணியை வலது காலில் போட்டால் தெரிவது போல இது உடனே தெரியாது. கட்டுகிறவனின் கண் நூலில் இருக்கும். இரண்டும் கருப்பு, இரண்டும் ஒரே நீளம்.

"ஹெக்டர் அண்ணனோட பழைய அம்பைப் பாருங்க. மேல் இறகோட பளபளப்பு இந்தப் பக்கம், கீழ் இறகோடது அந்தப் பக்கம். ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு ஒரே சுத்தா ஓடுது. உங்க பழசைப் பாருங்க. அதுவும் துரத்துது, ஆனா எதிர்ப் பக்கமா. இப்போ புதுசு."

கேஸ்பர் குனிந்து பார்த்தார். இரண்டு இறகின் பளபளப்பும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. மினி பஸ்ஸில் ஒரே ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்க்கிற இரண்டு பேரைப் போல.

"அம்பு போறப்போ காத்து அந்த வளைவுல மோதித் தண்டைத் திருகுது," என்றாள் செல்மா. "ரெண்டு இறகும் ஒரே சிறகுன்னா, ரெண்டும் ஒரே பக்கம் திருகும். அம்பு தன்னைத்தானே சுத்திக்கிட்டே போகும். சுத்திக்கிட்டே போனா, தண்டுல எங்கயாவது சின்னக் கோணல் இருந்தாலும் அது ஒரு பக்கமா இழுக்காது. எல்லாப் பக்கமும் மாறி மாறி இழுத்துச் சமமாயிடும். இதுல என்ன நடக்குது? ஒரு இறகு இடமாத் திருகுது, இன்னொண்ணு வலமாத் திருகுது. ஒரே படகுல ஒருத்தன் முன்னாடி துடுப்புப் போடுறான், இன்னொருத்தன் பின்னாடி துடுப்புப் போடுறான்."

"அது ஹெக்டர் அண்ணனும் நீங்களும்," என்று அம்ப்ரோஸ் உதவி செய்தான்.

கேஸ்பர் அவனை முறைத்தார். பிறகு அம்பை முறைத்தார். "இத்தனை வருஷமா எங்களுக்கு இது தெரியாமலா அடிச்சோம்?"

"தெரியவேண்டிய தேவையே வரலையே அண்ணே. உங்க வீட்டுக்கு ஒரு நாளும் இடது சிறகு வந்ததில்ல. அவர் வீட்டுக்கு வலது வந்ததில்ல. தப்பாக் கட்டணும்னு நினைச்சாக்கூட உங்களால முடியாது. தனியாப் போன அன்னைக்குத்தான் மொத தடவையா ரெண்டு சிறகும் கைக்கு வந்துது. மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு சமமாக் கட்டிட்டீங்க."

கேஸ்பர் வாயைத் திறந்தார். அதே நேரம் ஊரின் பக்கமிருந்து இரும்புத் துண்டில் அடிக்கும் மணி கேட்டது.

"கூட்டம்!" என்றாள் செல்மா. "தீ மூட்டுங்க."

"இப்பவா?"

"சும்மா போய்ச் சொன்னா அவர் நம்புவாரா? எறும்பை அனுப்பினது நீங்கன்னு நம்புற மனுஷன்."

கேஸ்பர் தன்னுடைய இரண்டு புது அம்புகளின் கட்டைக் கங்கின்மேல் காட்டினார். மெழுகு இளகியது. இரண்டிலிருந்தும் வலது இறகை மட்டும் பிரித்து, ஒரே தண்டில் எதிரெதிரே படுக்க வைத்து நூலைச் சுற்றினார். அவர் விரல்கள் நிதானமாகத்தான் வேலை செய்தன. நிதானம் இல்லாதது அம்ப்ரோஸின் கால்கள்தான். அவன் வண்டியை முடுக்கிக்கொண்டு நின்றான். மெழுகு முழுதாக இறுகுவதற்குள் கேஸ்பர் நாணில் அம்பை வைத்தார்.

அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போய்க் கட்டையின் நடுவில் இறங்கியது. கேஸ்பர் உடனே கீழே கிடந்த தன் புது அம்புகளையெல்லாம் பொறுக்கினார்.

மூன்று பேரையும் ஒரு வில்லையும் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிள் கூட்டக் கொட்டகைக்கு வந்தபோது ஹெக்டர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். பெஞ்சுகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. மார்லீன் கடைசி பெஞ்சில், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"தோஷாவ் அவர்களே," என்றார் ஹெக்டர். "என் அம்புகளுக்கு நடந்ததைச் சொல்லணும். அதுக்குக் காரணம் ஒரு ஆள். அவன் பேரு..."

"பவிஸ்!" என்று வாசலிலிருந்து கத்தினாள் செல்மா.

கொட்டகை மொத்தமும் திரும்பியது.

"காரணம் பவிஸ்," என்றாள் மூச்சு வாங்க. "அதுக்கு ரெண்டு சிறகு. அதுதான் குத்தம்."

ஹெக்டர் ஒன்றும் புரியாமல் நின்றார். செல்மா விளக்கத் தொடங்குமுன் கேஸ்பர் அவளைத் தாண்டி உள்ளே நடந்தார். மழைக்காலத்துக்குப் பிறகு மச்சான்கள் இருவரும் இவ்வளவு அருகில் நின்றதில்லை. கேஸ்பர் தன் அம்புக் கட்டை ஹெக்டரின் கையில் திணித்தார்.

"என்னுதும் ஆடுது," என்றார். அதை ஊர் முன்னால் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை. "உன்னுது மாதிரியே."

"உன்னுதுமா?" ஹெக்டரின் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை அவர் மறைக்கவில்லை. "நெசமாவா மச்சான்?"

"ரொம்ப இளிக்காத. உன் பாதி இறகு என் அம்புல இருக்கு, என் பாதி உன் அம்புல இருக்கு. அதான் விஷயம்."

கடைசி பெஞ்சில் மார்லீன் மூட்டையைக் கீழே வைத்தாள். ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தாள்.

"எனக்கு விளங்குற மாதிரி யாராவது சொல்லுங்கப்பா," என்றார் தோஷாவ். "நாளைக்கு இவங்க எய்யணும். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

"புது அம்புல இருக்கிற இறகுக் கட்டுகளையெல்லாம் பிரிக்கணும்," என்றாள் செல்மா. "இடது சிறகு இறகையெல்லாம் ஒரு குவியலா வைக்கணும், வலதை ஒரு குவியலா வைக்கணும். இடது குவியல் மொத்தமும் ஹெக்டர் அண்ணனுக்கு, வலது மொத்தமும் கேஸ்பர் அண்ணனுக்கு. அப்புறம் எத்தனை அம்பு வேணும்னாலும் கட்டிக்கலாம். ஒரு அம்புல கட்டுற ரெண்டு இறகும் ஒரே பக்கத்துச் சிறகா இருந்தா அது நேராப் போகும்."

கடைசி பெஞ்சில் மார்லீன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.